ரிவர்ஸ் எடுக்காத இருவர்

"என் சர்வீஸ்ல எவனுக்காகவும் நான் ரிவர்ஸ் எடுத்ததில்ல. இனியும் எடுக்க மாட்டேன். வண்டிக்கு முன்பக்கம்னு ஒண்ணு வெச்சிருக்கிறதே முன்னாடி போறதுக்குத்தான்."

பணி ஓய்வு பெறும் நாளில், பஸ் டிப்போவின் சாப்பாட்டு அறையில், கையில் பூங்கொத்துடன் நின்று டிரைவர் இப்படி முழங்கியபோது பலத்த கைதட்டல் எழுந்தது. கைதட்டலோடு கொஞ்சம் சிரிப்பும் கேட்டது. ஒரு மெக்கானிக்குக் குடித்த டீ புரையேறி, பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் ஆனந்தத்தின் மிகுதி என்று டிரைவர் எடுத்துக்கொண்டார். எதையும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதில் அவருக்கு இணையான ஆள் அந்த டிப்போவில் கிடையாது.

அவர் ஓட்டிய வழித்தடத்தில் ஒரு கடைத்தெரு உண்டு. இரு பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் சரக்கைத் தெருவுக்குள் தள்ளித் தள்ளி, கடைசியில் நடுவே ஒரே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் பெரிய மனது பண்ணி இடம் விட்டிருந்தார்கள். அதில் எதிரும் புதிருமாக இரண்டு பஸ்கள் வந்துவிட்டால், ஏதாவது ஒன்று தபால் நிலைய முனை வரை பின்னால் போயாக வேண்டும். இது பொது விதி. நம் டிரைவரைப் பொறுத்தவரை இது பிறத்தியாருக்கான விதி. எதிரே பஸ் தெரிந்ததும் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். இன்ஜினை அணைப்பார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் எதிர் பஸ் மெல்லப் பின்வாங்கத் தொடங்கும். முனையில் ஒதுங்கி நிற்கும் அந்த டிரைவர், நம்மவர் கடந்து போகையில் கையை உயர்த்திக் காட்டுவார். நம்மவர் தலையை லேசாக அசைத்து அந்த மரியாதையைப் பெற்றுக்கொள்வார். கப்பம் வாங்கும் அரசர்கள் அதற்கு மேல் அசைப்பதில்லை.

விதியும் அவருக்கு உடந்தையாக இருந்தது. டிப்போவில் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே போகலாம். பஸ் நிலையத்தையோ வட்டமாகக் கட்டியிருந்தார்கள். ஆகவே பின்பக்கக் கியர் என்பது அவரது பஸ்ஸில், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மட்டும் எடுத்து வைக்கும் பீங்கான் கோப்பையைப் போலத் துடைத்த பளபளப்போடு இருந்தது.

சக ஊழியர்கள் அவரை 'ரிவர்ஸ்' என்றே அழைத்தார்கள். "ரிவர்ஸ் வந்துட்டாரா?" "ரிவர்ஸ் அண்ணனுக்கு ஒரு டீ." புலியைக் கொன்றவனுக்குப் புலி என்று பட்டம் கொடுப்பதில்லையா, அதுபோல் இது என்று அவர் மனத்துக்குள் விளக்கம் வைத்திருந்தார். யாரும் கேட்காததால் அந்த விளக்கம் கடைசி வரை பத்திரமாக இருந்தது.

விழா முடிந்ததும் கண்டக்டர் ஒரு கண்ணாடித் தொட்டியைச் சுமந்து வந்தார். ஒல்லியான மனிதர், பையை அக்குளில் இடுக்கினால் பைதான் அவரைத் தாங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். டிரைவரைவிடச் சில வயது இளையவர். ஒரே பஸ்ஸில், முன்னால் இவரும் பின்னால் அவருமாக இருவர் தலையும் நரைத்திருந்தது.

"அண்ணே, கண்ணாடி வழியாவே உலகத்தைப் பார்த்த கண்ணு உங்களோடது. வீட்ல வெறும் சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்தீங்கன்னா அண்ணி பாவம். இந்தக் கண்ணாடியைப் பாருங்க."

உள்ளே இரண்டு மீன்கள், ஆணும் பெண்ணுமாக. சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். ஏதோ சிக்லிட் வகை என்று கடையில் சொன்னார்களாம்; ஜோடி சேர்ந்தால் பிரியாதாம். ஆண் மீன் பெரியது, நெற்றி புடைத்தது, வாலைச் சுழற்றுவதில் ஓர் அதிகாரம் தெரிந்தது. பெண் மீன் அதில் பாதிதான். வயிற்றில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் விவாதமே நடக்கவில்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடையில்தான் பிளக் பாயின்ட் இருந்தது. அது ஏற்கெனவே குறுகலான நடை. தொட்டியை ஸ்டாண்டோடு வைத்ததும் ஒரே ஓர் ஆள் போகும் அகலம் மிஞ்சியது.

முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். சமையலறையில் அவர் மனைவியின் அடுப்பு. எனவே அந்த நடை அவர் மனைவியின் நெடுஞ்சாலை. இப்போது டிரைவரும் முழுநேரமும் வீட்டிலிருந்து அதே சாலையில் போக்குவரத்து நடத்தத் தொடங்கினார். எதிரும் புதிருமாக இருவரும் வந்துவிட்டால் டிரைவர் நிற்பார். தொண்டையைச் செருமுவார். அது ஹாரன். மனைவி, கையில் கொதிக்கும் பாலோ கழுவிய துணியோ எது இருந்தாலும், அப்படியே பின்னால் நடந்து போய் ஒதுங்கி நிற்பார். இவர் தலையை லேசாக அசைத்துக் கடந்து போவார். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தகவல் இல்லை. யாரும் கேட்டதாகவும் தகவல் இல்லை.

மீன்கள் முதலில் ஒற்றுமையாகத்தான் இருந்தன. சாய்த்து வைத்த ஒரு மண்சட்டியைச் சுற்றிச் சேர்ந்தே திரிந்தன. மனைவி பெண் மீனுக்குச் 'சின்னவ' என்று பெயர் வைத்தார். ஆணுக்குப் பெயர் வைக்கவில்லை. 'உங்க ஆளு' என்பதோடு சரி. பிறகு ஒருநாள் என்ன தோன்றியதோ, உங்க ஆளு சின்னவளைத் துரத்த ஆரம்பித்தான். சட்டி அவனுடையது. சட்டிக்கு முன்னால் உள்ள கூழாங்கல் அவனுடையது. அந்தப் பக்கத்துப் பாசிச்செடி அவனுடையது. கொஞ்சம் யோசித்துவிட்டு மிச்சத் தொட்டியும் தன்னுடையதுதான் என்று அவன் முடிவு செய்தான். சின்னவள் எதிர்த்துப் பார்த்தாள். இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுத்தன. கடைசியில் அவளுடைய வால் துடுப்பு பழைய துடைப்பம் போலக் கிழிந்தது. ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்தில், நீர்மட்டத்தை ஒட்டி, பஸ் படிக்கட்டில் தொங்கும் பயணியைப் போல ஒட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட வந்தால் அடி.

"இன்னும் கொஞ்ச நாள்ல செத்துடுவா," என்றார் மனைவி, மெஷினை நிறுத்தாமல். "சொல்லிட்டேன். அவ செத்தா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். வாயில்லா ஜீவன் அடிவாங்கிச் சாகுறதைப் பார்த்துட்டு இந்த வீட்ல எனக்குச் சோறு இறங்காது."

"மீனுக்காக வீட்டை விட்டுப் போவியா?"

"மீனுக்காகன்னு யாரு சொன்னா?"

டிரைவருக்கு அந்தப் பதில் புரியவில்லை. ஆனால் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆள் அவர்.

முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அவன் துரத்தும்போதெல்லாம் கண்ணாடியில் ஸ்பூனால் தட்டினார். அந்தச் சத்தத்தில் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. சரி, சின்னவள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அவளை ஒரு வாளியில் தனியாக விட்டுப் பிறகு சேர்த்துப் பார்த்தார். அதற்குள் உங்க ஆளு தனியாட்சிக்குப் பழகிவிட்டான். அவளை அன்னிய நாட்டுப் படையெடுப்பாகக் கருதி முன்னிலும் மோசமாக விரட்டினான். வெளியூரில் இருக்கும் மகள் போனில் யோசனை சொன்னாள்.

"அப்பா, உள்ள இருக்கிற கல்லு, செடி, சட்டி எல்லாத்தையும் இடம் மாத்தி வைங்க. தன் இடம் எதுன்னே தெரியாம அவன் குழம்பிப் போவான். அப்ப சண்டை குறையும்."

மாற்றி வைத்தார். ஒரு மத்தியானம் முழுக்க அவன் குழம்பினான். தெரு மாறி வந்த தபால்காரனைப் போல அங்குமிங்கும் திரிந்தான். சாயங்காலம் சட்டியைக் கண்டுபிடித்துவிட்டான். சின்னவள் மறுபடி தன் ஃபில்டர் படிக்கட்டுக்குப் போனாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் மகள்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

டிரைவர் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தார்.

கடைசியில் மீன் கடைக்கே போனார். கடைக்காரர் தொட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில், தானும் ஒரு மீனைப் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு தடுப்பு போடுங்க சார்," என்றார். "தண்ணி போய் வர மாதிரி, சன்னமான கம்பி கம்பியா இருக்கிற பிளாஸ்டிக். அதுல ஒரு ஓட்டை. பொண்ணு நுழையுற அளவு. ஆண் நுழைய முடியாத அளவு."

"அதெப்படி? அவ அவன் பக்கம் போகலாம், அவன் அவ பக்கம் போகக் கூடாதா? என்ன நியாயம் இது?"

"நியாயம் எனக்குத் தெரியாது சார். தப்பிச்சுப் போக வழி இருந்தா அவ சாக மாட்டா. தோணும்போது அவளே அவன் பக்கம் போவா. வழி இல்லன்னா என்னைக்கும் போக மாட்டா."

"உங்க அனுபவமா?"

"எனக்குக் கல்யாணம் ஆகல சார். நான் மீனைப் பத்தி மட்டும்தான் பேசுவேன்."

தடுப்புக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சமையலறையில் இருந்தது. அடியெல்லாம் கம்பி கம்பியாக. மனைவி ஒரு பேச்சுப் பேசாமல் பாத்திரங்களைத் துண்டின் மேல் அடுக்கிவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டிரைவர் அதைத் தொட்டியின் அளவுக்கு வெட்டினார். மிச்சத் துண்டை வைக்கும்போது, "அளந்து ஓட்டை போடுங்க," என்று மட்டும் மனைவி சொன்னார்.

"அளக்கிறதா? பஸ்ஸுக்கும் பழக்கடைக்கும் நடுவுல ஒரு விரல் போற இடைவெளியில வண்டி விட்டவன் நான். கண்ணே போதும்."

கண் போதவில்லை என்பது மறுநாள் மத்தியானம் தெரிந்தது.

சின்னவள் முதல் நாளே ஓட்டையைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் போய், பல நாள் கழித்துத் தரையில் இறங்கி நிம்மதியாகச் சாப்பிட்டிருந்தாள். அதை உங்க ஆளு பொறுத்துக்கொள்ளவில்லை. வேகமாக வந்தான். தலை நுழைந்தது. செவுள் வரை நுழைந்தது. அதற்கு மேல் வயிறு போகவில்லை. பின்னால் வரலாமென்றால் செவுள் மூடியும் துடுப்புகளும் குடை போல விரிந்து கம்பியில் மாட்டிக்கொண்டன. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை. அந்த நிலையிலும் அவன் முன்னால் போகத்தான் முயன்றான்.

பார்த்துவிட்டு டிரைவர் போட்ட சத்தத்தில் மனைவி மெஷினை விட்டு ஓடி வந்தார். அதே நேரத்தில், மீன் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கக் கண்டக்டரும் வாசலில் செருப்பைக் கழற்றினார். டிரைவர் தொட்டிக்குள் கையை விட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் கண்ணெதிரே துவண்டுகொண்டிருந்தது. செவுளை அசைக்க முடியாமல் திணறியது. கண்டக்டர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அட, இவனும் நம்ம ஆளு மாதிரியே இருக்கானே. ரிவர்ஸ் தெரியல."

டிரைவரின் தலை மெல்லத் திரும்பியது.

"என்ன சொன்ன?" என்றார் டிரைவர், கை தண்ணீருக்குள் இருக்க.

"ஒண்ணுமில்லண்ணே. மீனைச் சொன்னேன்."

"நம்ம ஆளுன்னா யாரு?"

"முதல்ல அவனைக் காப்பாத்துங்க. விசாரணையை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் மனைவி. சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். துணியைத் தவிர வேறெதையும் அது வெட்டியதில்லை. ஒருமுறை டிரைவர் அதனால் மாத்திரை அட்டையை வெட்டப் போய், அன்று முழுவதும் அந்த வீட்டில் அவருக்கு மௌனம் பரிமாறப்பட்டது. அதன் முனை மழுங்கினால் தன் பிழைப்பு மழுங்கும் என்பார் மனைவி. அந்தக் கத்தரிக்கோலை இப்போது அவர் தண்ணீருக்குள் விட்டு, செவுளை ஒட்டி இருந்த பிளாஸ்டிக் கம்பியை நறுக்கென்று வெட்டினார். பிறகு மறு பக்கம். சின்னவளை அடித்துத் துவைத்த தடியனுக்காக, அவன் தோலில் ஒரு கீறல் கூட விழாமல் வெட்டினார். டிரைவர் தட்டை மெல்ல முன்னால் நகர்த்த, மீன் தானாகவே பின்னால் வெளிவந்து, சட்டிக்குள் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் வாழ்க்கையில் அது எடுத்த முதல் ரிவர்ஸ்.

"இப்ப சொல்லு," என்றார் டிரைவர்.

கண்டக்டர் டிரைவரின் மனைவியைப் பார்த்தார். மனைவி கத்தரிக்கோலைப் புடவைத் தலைப்பில் துடைப்பதில் மும்முரமானார்.

"கோச்சுக்கக் கூடாதுண்ணே. கடைத்தெருவுல எதிர்ல பஸ் வந்தா நான் இறங்கிப் போவேன்ல?"

"ஆமா. மிரட்டி வழி விடச் சொல்லுவ."

"நானா? மிரட்டவா? என் உடம்பைப் பார்த்துப் பேசுங்கண்ணே. அவங்ககிட்ட போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, 'அண்ணே, எங்க டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, புள்ளகுட்டிக்காரரு, மேல சொல்லிடாதீங்க, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க'ன்னு சொல்லுவேன். பாவம்னு சொல்லிப் பின்னாடி போவாங்க."

"அப்ப அவங்க கையைத் தூக்கிக் காட்டுவாங்களே?"

"பயப்படாம வா, இடம் இருக்குன்னு தைரியம் சொல்லுவாங்கண்ணே."

டிரைவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கண்முன் எத்தனையோ பஸ்கள், எத்தனையோ உயர்ந்த கைகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் தான் அசைத்த தலையையும் அவர் நினைத்துப் பார்த்தார்.

"ரிவர்ஸ், ரிவர்ஸ்னு கூப்பிட்டதெல்லாம்..."

"அதேதாண்ணே."

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"எனக்கு மட்டுமா? பால் போடுறவருக்கே தெரியும்."

அன்று கண்டக்டருக்கு டீ கூடக் கிடைக்கவில்லை. டிரைவர் வாசல் வரை போய் வழியனுப்பவும் இல்லை. மனிதர் கோபமாகத் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். பெரிதாகிப்போன பழைய ஓட்டையை அடைக்கத் தட்டின் மிச்சத் துண்டை எடுத்தார். இந்த முறை ஸ்கேல் வைத்து அளந்தார். சின்ன ஓட்டை. அவள் மட்டும் போய் வரும் ஓட்டை. கோபத்திலும் நேராகத்தான் வெட்டினார்.

கோபம் ராத்திரிச் சாப்பாடு வரை தாங்கியது. அதற்கப்புறம் அது வேறு ஏதோவாக மாறத் தொடங்கியது. அந்தக் கடைத்தெருவின் உச்சி வெயில் அவருக்கு நினைவு வந்தது. தான் கையைக் கட்டிக்கொண்டு மாடித் துணிகளைப் பார்த்த நேரமெல்லாம், ஓர் ஒல்லி மனிதர் வேர்த்த சட்டையோடு நடுத்தெருவில் நின்று, தன் டிரைவரின் வேலையும் போகாமல் பெருமையும் போகாமல், யாரிடமோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து ஏறி, "போலாம், ரைட்" என்று சொன்ன குரலில் ஒருமுறை கூட ஒரு சலிப்பு இருந்ததில்லை. சொல்லிக்காட்டியதும் இல்லை. மீன் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் கடைசி வரை சொல்லியிருக்கவும் மாட்டார்.

மறுநாள் டிரைவர் ஒரு பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். கண்டக்டர் நிழலில் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இந்தா."

"என்னண்ணே இது?"

"டீ."

"டீன்னு தெரியுது. எதுக்கு?"

டிரைவர் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டயரைப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

"வெயில்ல நின்னதுக்கு."

கண்டக்டர் வாங்கிக் குடித்தார்.

"சக்கரை கம்மி," என்றார் கண்டக்டர்.

"நான் போட்டது."

"அதானே பார்த்தேன்." இன்னொரு வாய் குடித்தார். "புது டிரைவர் நல்ல பையண்ணே. எதிர்ல எது வந்தாலும் அவனே ரிவர்ஸ் எடுத்துடுறான். எனக்குக் கீழ இறங்குற வேலையே இல்ல. ஒரே போர் அடிக்குது."

வீடு திரும்பியபோது டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குத்தான் வந்தார். சின்னவள் தன் பக்கத்தில் இல்லை. அவசரமாகக் குனிந்து மூலை மூலையாகத் தேடினார். பிறகு பார்த்தார். அவள் ஓட்டை வழியாகத் தானே அந்தப் பக்கம் போய்ச் சட்டி வாசலில் நின்றிருந்தாள். உங்க ஆளு தலையை நீட்டினான். அவள் விருட்டென்று ஓட்டை வழியாகத் திரும்பி வந்தாள். அவன் தடுப்பு வரை வந்து நின்றுவிட்டான். கொஞ்சம் பொறுத்து அவள் மறுபடி போனாள். இந்தத் தடவை அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவளுடைய கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிய புதுத் துடுப்பு முளைக்கத் தொடங்கியிருந்தது.

"சாக மாட்டா," என்று டிரைவர் முன்னறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"தெரியும்," என்றார் மனைவி. மெஷின் சத்தம் பழைய நிதானத்துக்கு வந்திருந்தது.

சற்று நேரத்தில் மெஷின் நின்றது. தைத்து முடித்த துணிகளை ஒரு கையிலும் காலி டம்ளரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு மனைவி நடைக்குள் வந்தார். அதே நேரம் டிரைவர் சமையலறையிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

டிரைவருக்குத் தொண்டை தானாகச் செருமப் பார்த்தது. அதை விழுங்கினார். மனைவி வழக்கம்போல ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"நில்லு," என்றார் டிரைவர்.

பிறகு தன் வலது காலைப் பின்னால் வைத்தார். அடுத்து இடது காலை. முழங்கை சுவரில் இடித்தது. குதிகால் சமையலறை நிலைப்படியில் மோதியது. பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி இல்லாதது பெரிய குறையாகத் தெரிந்தது. ஊரெல்லாம் அத்தனை வருடம் சொன்னது முழுப் பொய் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவழியாகச் சமையலறைக்குள் போய், அடுப்பு மேடையை ஒட்டி ஒதுங்கி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கையை உயர்த்திக் காட்டினார்.

மனைவி துணியும் டம்ளருமாக அவரைக் கடந்து போனார். தலையை லேசாக அசைத்தார்.

"போலாம், ரைட்," என்றார், திரும்பிப் பார்க்காமல்.